சீறியாழும் பேரியாழும்: கையடக்க இசைப்பெட்டிகளின் எழுச்சியும் வீழ்ச்சியும்

தோற்றுவாய்

இசையை உடன்கொண்டு செல்ல வேண்டும் என்னும் வேட்கை தமிழருக்குப் புதியதன்று. சங்ககாலப் பாணர் யாழைச் சுமந்து ஊர்தோறும் நடந்தனர். பேரியாழ் இசைத்தோர் பெரும்பாணர் என்றும், சீறியாழ் இசைத்தோர் சிறுபாணர் என்றும் பெயர் பெற்றனர். பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படைக்கும் இடமுண்டு, சிறுபாணாற்றுப்படைக்கும் இடமுண்டு. பேரியாழ் இருந்த காரணத்தால் சீறியாழின் குரல் அடங்கிவிடவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இசை மீண்டும் மனிதனின் தோளுக்கும் சட்டைப்பைக்கும் வந்து சேர்ந்தது. ஆனால், இம்முறை சீறியாழ்களுக்கு நெடுங்காலம் வாழ்வு கிட்டவில்லை. கையடக்க இசைப்பெட்டிகளைச் செய்த சிறு நிறுவனங்கள் பல, ஏறத்தாழப் பத்தே ஆண்டுகளில் பெருநிறுவனங்களுக்கு எதிர்நிற்க இயலாமல் களத்தைவிட்டு அகன்றன. அவற்றுள் முதன்மையானது நமக்கு அண்டையிலுள்ள சிங்கப்பூரில் பிறந்தது. அதன் வரலாறு வணிகம் பயில்வோர்க்கு மட்டும் உரியதன்று. பெரிய மொழிகளுக்கு நடுவே தம் மொழியைக் காத்து நிற்கும் நம்மனோர்க்கும் அதில் கற்க வேண்டியது உண்டு. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒலிநாடாவின் காலம்

நம் நாட்டுத் தமிழர் இசையை நெடுங்காலம் கூடியிருந்தே கேட்டனர். கோலாலம்பூரில் 1949-ஆம் ஆண்டு முதல் ரெடிபியூஷன் கம்பிவழி ஒலிபரப்பு இருந்தது. தோட்டங்களில் ஒரு வீட்டு வானொலியை அண்டை வீட்டாரும் கேட்டு மகிழ்ந்தனர். 1979-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் ஜப்பானின் சோனி நிறுவனம் 'வாக்மேன்' என்னும் சிறு ஒலிநாடாப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்றுமுதல் பாட்டு, கூடத்திலிருந்து ஒருவரின் காதுக்குக் குடிபெயர்ந்தது எனலாம்.

வாக்மேன் என்பது சோனியின் வணிகப் பெயர். எனினும் ஐவா, சான்யோ, தோஷிபா, பானசோனிக் முதலிய நிறுவனங்கள் செய்த பெட்டிகளையும் நம் மக்கள் வாக்மேன் என்றே அழைத்தனர். பெயர் ஒருவருக்கு உரியதாயினும் பிழைப்பு பலருக்கும் இருந்தது. இதற்குக் காரணம் கேசட்டின் இயல்பே. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகம் செய்த கேசட்டைப் பிற நிறுவனங்களும் உரிமைக் கட்டணம் இன்றிப் பயன்படுத்த இடம் கிடைத்தது. ஆகவே, கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடையொன்றில் வாங்கிய கேசட், எந்த நிறுவனத்தின் பெட்டியிலும் பாடியது. பாட்டை விற்றவர் ஒருவர். பெட்டியைச் செய்தவர் வேறொருவர். இருவரையும் பிணைக்கும் கயிறு ஏதுமில்லை. பெட்டி பழுதானால் வேறு பெட்டி வாங்கலாம். பாட்டு கையைவிட்டுப் போகாது. சிறியோர் வாழ்வதற்குரிய களம் அதுவாக இருந்தது. இச்செய்தியை வாசகர் நினைவில் இருத்துக. பின்னர் நிகழ்ந்தவற்றை விளக்கும் திறவுகோல் இதுவே.

அக்காலத்திலும் வீழ்ச்சிகள் இல்லாமல் இல்லை. நம் வீடுகளில் நன்கு அறிமுகமான ஐவாவின் பெரும்பங்கு 1969 முதலே சோனியின் கையில் இருந்தது. 2002-இல் அது சோனியோடு முழுமையாக இணைக்கப்பட்டது. 2006-இல் சோனி அப்பெயரைக் கைவிட்டது. பின்னர் அப்பெயரை வேறு நிறுவனத்தார் எடுத்துக்கொண்டனர். ஆயினும் இத்தகைய வீழ்ச்சி மெல்ல நிகழ்ந்தது. அடுத்து வந்த மாற்றமோ புயலென வந்தது.

எண்ணிசைப் பெட்டிகளின் பிறப்பு

ஜெர்மனியின் பிரௌன்ஹோபர் ஆய்வுக் கழகத்தார் பெரும்பங்காற்றி உருவாக்கிய 'எம்பி3' என்னும் முறை, குறுந்தட்டில் உள்ள பாட்டை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அளவிற்குச் சுருக்கியது. செவிக்கு எளிதில் புலப்படாத ஒலிகளை நீக்கிச் சுருக்குவதே அம்முறையின் நுட்பம். இதனால் ஒரு பாட்டு மூன்று நான்கு மெகாபைட்டில் அடங்கிற்று.

இம்முறையை நம்பி முதலில் இறங்கியோர் சிறு நிறுவனத்தாரே. 1998-இல் தென்கொரியாவின் சேஹான் நிறுவனம் 'எம்பிமேன்' என்னும் பெட்டியை வெளியிட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவின் டைமண்ட் மல்டிமீடியா, 'ரியோ' என்னும் பெட்டியை 200 டாலர் விலைக்கு விற்றது. அன்று ஒரு டாலர் 3.80 ரிங்கிட் என நம் அரசாங்கம் நிலைப்படுத்தியிருந்தது. ஆகவே, அதன் விலை 760 ரிங்கிட்டுக்கு ஒப்பாகும். அதன் நினைவகமோ 32 மெகாபைட். ஒரு கேசட்டின் ஒரு பக்க அளவே அதில் நிறைவாக அடங்கும்.

அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் ரியோவைத் தடுக்குமாறு வழக்குத் தொடர்ந்தது. 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டைமண்டுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பால் பின்வந்தோர் அனைவர்க்கும் வழி திறந்தது. ஆனால், வழியைத் திறந்தவரே அதில் நெடுந்தொலைவு நடக்கவில்லை. ரியோ கைமாறிச் சென்ற சோனிக்புளூ நிறுவனம் 2003-இல் நொடித்துப் போயிற்று. அதனை வாங்கிய மற்றொரு நிறுவனமும் 2005-இல் இத்தொழிலைக் கைவிட்டது. காடு வெட்டியவன் ஒருவன், கதிர் அறுத்தவன் வேறொருவன் என்னும் நிலை அங்கே உண்டாயிற்று.

அண்டை நாட்டுச் சிறு கடை

சிங்கப்பூர் நீ ஆன் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்ற சிம் வோங் ஹூ என்பவர் 1981-இல் 'கிரியேட்டிவ் டெக்னாலஜி' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். சீனர் வட்டாரத்தில் அன்று இருந்த பேர்ல்ஸ் சென்டர் கட்டடத்தில், கணினி பழுதுபார்க்கும் சிறு கடையாக அது முளைத்தது. சீன மொழியில் இயங்கும் கணினி ஒன்றை 1980-களின் நடுவில் செய்து பார்த்தனர். அது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. எனினும் கணினிக்கு நல்ல குரல் வேண்டும் என்னும் எண்ணம் அவரைவிட்டு நீங்கவில்லை. 1989-இல் வெளிவந்த 'சவுண்ட் பிளாஸ்டர்' என்னும் ஒலியட்டை உலகெங்கும் கணினியைப் பேசவும் பாடவும் வைத்தது. 1992-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர் நிறுவனம் என்னும் பெருமையையும் கிரியேட்டிவ் எய்தியது.

1999-இல் 'நோமாட்' என்னும் பெயரில் எம்பி3 பெட்டிகளை விற்கத் தொடங்கிய இந்நிறுவனம், 2000-ஆம் ஆண்டில் 'நோமாட் ஜூக்பாக்ஸ்' என்னும் பெட்டியை வெளியிட்டது. அதனுள்ளே மடிக்கணினியில் பொருத்தும் 6 கிகாபைட் வன்தட்டு இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கேசட்டுகளில் அடங்கும் பாடல்களை ஒரே பெட்டிக்குள் அடைத்துக் கையில் கொடுத்தது அது. ஆப்பிள் நிறுவனத்தின் 'ஐபாட்' இவ்வுலகைக் காண அப்பொழுது இன்னும் ஓராண்டு இருந்தது என்பது கருதத்தக்கது.

ஐபாட்டின் வருகை

2001-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் ஆப்பிள் நிறுவனம் ஐபாட்டை அறிமுகம் செய்தது. கொள்ளளவு 5 கிகாபைட். விலை 399 டாலர். அன்றைய நம் நாணயத்தில் ஆயிரத்து ஐந்நூறு ரிங்கிட்டுக்கும் மேல். கொள்ளளவில் அது கிரியேட்டிவ் பெட்டியைவிடச் சற்றுச் சிறியதே. ஆனால், கிரியேட்டிவ் பெட்டி கையில் எடுத்துச் செல்லும் குறுந்தட்டுப் பெட்டியின் அளவினதாய், ஏறத்தாழ 400 கிராம் எடையுடன் இருந்தது. ஐபாட் 184 கிராம் எடையுடன் சட்டைப்பையில் அமர்ந்தது. கிரியேட்டிவ் பெட்டியில் பாடல்களை நிரப்பப் பல மணி நேரம் ஆயிற்று; ஐபாட்டில் ஆயிரம் பாடல்களைப் பத்து நிமிடங்களுக்குள் ஏற்றலாம் என ஆப்பிள் அறிவித்தது.

தோஷிபா புதிதாகச் செய்த 1.8 அங்குல வன்தட்டே இவ்வேறுபாட்டின் உயிர்நிலை. அத்தட்டுகளை முன்கூட்டியே ஒப்பந்தம் செய்து தனக்கே உரியனவாக்கிக் கொண்டது ஆப்பிள். 2003 ஏப்ரலில் அது 'ஐடியூன்ஸ்' என்னும் இசைக் கடையைத் திறந்து, ஒரு பாட்டை 99 காசு விலைக்கு, அதாவது ஒரு டாலருக்கும் குறைவாக, விற்கத் தொடங்கியது. அக்கடையில் வாங்கிய பாடல்கள் அன்று பூட்டுடன் வந்தன. பிறருடைய பெட்டியில் அவை பாடவில்லை. கேசட் காலத்தில் இல்லாத கயிறு இப்பொழுது வந்து சேர்ந்தது. பாட்டை வாங்கியவர் பெட்டிக்கும் கட்டுப்பட்டார்.

தோல்வியின் காரணங்கள்

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். கிரியேட்டிவின் தோல்வியை இம்மூன்றையும் கொண்டு அளந்து பார்க்கலாம்.

முதலாவது, இடம். ஆழ்ந்த நீரில் முதலை பிறவற்றை வெல்லும். நீரை விட்டு வெளியேறினால் பிற அதனை வெல்லும் என்பது வள்ளுவர் கருத்து. கணினியின் உள்ளே கிரியேட்டிவ் முதலையாக இருந்தது. ஒலியின் தரத்தில் அதன் அறிவு ஆழமானது. ஆனால், சட்டைப்பை என்னும் கரையில் ஒலித்தரம் மட்டும் வெற்றி தரவில்லை. அழகும், எளிமையும், விளம்பரமும் அங்கே படைக்கலங்களாயின.

இரண்டாவது, காலம். பெருந்தொகைப் பாடல்களிலிருந்து வேண்டியதைப் படிப்படியாகத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் முறைக்குக் கிரியேட்டிவ் 2001 ஜனவரியிலேயே காப்புரிமை கோரி விண்ணப்பித்திருந்தது. அந்த உரிமை 2005 ஆகஸ்டில்தான் கைக்கு வந்தது. 2006-இல் அது ஆப்பிள்மீது வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆப்பிள் 10 கோடி டாலர் கொடுத்து உடன்பாடு செய்துகொண்டது. முன்னோடி யார் என்பதற்கு இத்தொகை ஒரு சான்று. ஆனால், அதற்குள் போட்டி முடிந்துவிட்டது. அமெரிக்கச் சந்தையில் விற்ற இசைப்பெட்டிகளுள் பத்தில் ஏழு ஐபாட்டாக இருந்த காலம் அது. கனி பழுத்தபோது பறிப்பதற்குக் கூடை இல்லை.

மூன்றாவது, வலி. செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை ஆகியவற்றோடு துணைநிற்போர் வலிமையையும் எடைபோட வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. 2004 நவம்பரில் சிம் வோங் ஹூ ஐபாட்டின்மீது போர் தொடுப்பதாகவே அறிவித்து, 10 கோடி டாலரை விளம்பரத்திற்கென ஒதுக்கினார். அவருடைய துணிவு போற்றத்தக்கது. ஆனால், ஓராண்டு கழித்து 2005 நவம்பரில் ஆப்பிள், பிளாஷ் நினைவகம் வாங்குவதற்கு மட்டும் 125 கோடி டாலரை முன்பணமாக ஐந்து நிறுவனங்களுக்கு அளிக்க ஒப்புக்கொண்டது. விளம்பரத்தில் ஓரளவு ஈடுகொடுத்தாலும், உறுப்புகளை மலிவாகப் பெறும் ஆற்றலில் சிறியவர் ஈடுகொடுக்க இயலவில்லை. ஒரே பொருளை ஒருவர் மூட்டையாகவும் மற்றொருவர் படியாகவும் வாங்கினால் விலை எங்ஙனம் ஒன்றாக இருக்கும்?

இவற்றினும் கொடியது துணைவலி பொய்த்தமை. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2004-இல் 'பிளேஸ்பார்ஷூர்' என்னும் பொது முத்திரையை ஏற்படுத்தி, கிரியேட்டிவ், ஐரிவர் முதலிய நிறுவனங்களை ஓரணியில் திரட்டியது. அம்முத்திரையுள்ள கடையில் வாங்கிய பாட்டு அம்முத்திரையுள்ள எப்பெட்டியிலும் பாடும் என்றனர். ஆனால், 2006 நவம்பரில் மைக்ரோசாப்ட் 'ஜூன்' என்னும் தன் சொந்தப் பெட்டியை வெளியிட்டபோது, அப்பெட்டியே அந்த முத்திரைப் பாடல்களை ஏற்கவில்லை. தலைவனே அணியை விட்டு விலகித் தனிக்களம் கண்டான். மேலும், 2008-இல் தன் பழைய இசைக் கடையின் உரிமச் சேவையை நிறுத்தப் போவதாக அது அறிவித்தது. எதிர்ப்பு எழுந்த பின்னரே தவணையை நீட்டித்தது. காசு கொடுத்து வாங்கிய பாட்டும் நமக்கு உரியதாகாது என்பதை மக்கள் அன்று உணர்ந்தனர்.

கிள்ளான் பள்ளத்தாக்கில்

இப்போராட்டம் நம் கடைத்தெருக்களில் எவ்வாறு எதிரொலித்தது என்பதையும் காண்போம். 1995 முதல் ஓடத் தொடங்கிய கொமுட்டர் இரயிலில் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குச் செல்வோரின் காதுகளில் முதலில் வாக்மேனும், பின்னர் எம்பி3 பெட்டியும் இடம்பெற்றன. பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா, கிள்ளான் ஆகிய இடங்களின் இசைக் கடைகளில் கேசட் குறைந்து குறுந்தட்டு வந்தது. இரவுச் சந்தைகளில் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களை அடக்கிய எம்பி3 தட்டுகள் சில ரிங்கிட்டுக்குக் கிடைத்தன. அவற்றுட் பல உரிமை பெறாத படிகள். 2000-ஆம் ஆண்டில் ஒளித்தட்டுச் சட்டம் இயற்றப்பட்டும் அவ்வணிகம் எளிதில் ஒழியவில்லை.

நம் மக்களின் தேவைக்குச் சிறு நிறுவனங்களின் பெட்டிகளே பெரிதும் பொருந்தின என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. கிரியேட்டிவின் 'ஸென் மைக்ரோ' போன்ற பெட்டிகளில் பண்பலை வானொலியும் குரற்பதிவு வசதியும் இருந்தன. தமிழ் வானொலியைத் துணையாகக் கொண்ட நம் சமுதாயத்திற்கு இது பெருநன்மை. ஐபாட்டில் வானொலி உள்ளமைந்து வந்தது 2009-இல்தான். ஐடியூன்ஸ் கடையோ மலேசியாவில் 2012 ஜூனில்தான் திறக்கப்பட்டது. அதாவது, அமெரிக்காவில் ஐபாட்டுக்கு வெற்றி தேடித் தந்த கடை, ஒன்பது ஆண்டுகள் நமக்குத் திறக்கப்படவே இல்லை. இருந்தும் நம் கடைகளிலும் ஐபாட்டே தலைமை பெற்றது. காரணம் தெளிவு. நமக்கு எது ஏற்றது என்பதை நம் தெரு முடிவு செய்யவில்லை. தொலைவிலிருந்த பெருஞ்சந்தை முடிவு செய்தது. அங்கே தோற்றவர் இங்கேயும் கடையைக் கட்ட நேர்ந்தது.

மேலிருந்து ஐபாட் நெருக்கியதுபோலக் கீழிருந்து பெயரற்ற பெட்டிகள் நெருக்கின. தென்சீனத்தில் மலிவான சில்லுகளைக் கொண்டு செய்த பெட்டிகள் எம்பி3, எம்பி4 என்னும் பொதுப்பெயருடன் இரவுச் சந்தைகளில் குவிந்தன. உயர்ந்ததை விரும்பியோர் ஐபாட்டை வாங்கினர். மலிவை விரும்பியோர் பெயரற்றதை வாங்கினர். இடைநின்ற கிரியேட்டிவும் ஐரிவரும் இருபக்கமும் இடிபட்ட மத்தளம் ஆயின.

தமிழுக்கு நேர்ந்த இடர் ஒன்றையும் இங்குக் கூறுதல் தகும். தொடக்கக் காலப் பெட்டிகள் பலவற்றில் தமிழெழுத்து தோன்றாது. கட்டங்களோ கேள்விக்குறிகளோ தோன்றும். ஆகவே, பாட்டின் பெயர்களை உரோமன் எழுத்தில் எழுதினர். ஒரே பாட்டு நான்கைந்து எழுத்துக்கூட்டலில் நான்கைந்து பாட்டாகத் தோன்றியது. காதில் தமிழ் ஒலித்தது. கண்ணில் தமிழ் இல்லை.

வென்றவர் நிலை

வென்றவரும் நிலைத்தாரில்லை. 2007 ஏப்ரலில் பத்துக் கோடியாவது ஐபாட் விற்றதாக ஆப்பிள் அறிவித்தது. அதே ஆண்டு ஜூனில் அந்நிறுவனத்தின் கைப்பேசியே கடைக்கு வந்து ஐபாட்டின் இடத்தைப் பறிக்கத் தொடங்கியது. சோனி 2010-இல் ஜப்பானில் ஒலிநாடா வாக்மேன் உற்பத்தியை நிறுத்தியது. ஜூன் பெட்டி 2011-இல் கைவிடப்பட்டது. 2022 மே திங்களில் ஐபாட் வரிசையின் கடைசிப் பெட்டியும் நிறுத்தப்பட்டது. 2013-இல் மலேசியாவில் நுழைந்த 'ஸ்போட்டிபை' போன்ற சேவைகள் பாட்டை வாங்கும் வழக்கத்தையே மாற்றின.

வன்தட்டிலிருந்து பிளாஷ் நினைவகத்திற்கு உலகம் மாறியதன் அதிர்வு நம் வாசலையும் தொட்டது. பெட்டாலிங் ஜெயாவில் இருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் வன்தட்டுத் தொழிற்சாலை 2019 இறுதிக்குள் மூடப்படும் என 2018-இல் அறிவிக்கப்பட்டது. தொழில்நுட்பம் தடம் மாறும்போது முதலாளியின் கணக்கேட்டில் ஒரு வரி மாறுகிறது. தொழிலாளியின் வீட்டிலோ அடுப்பே மாறுகிறது.

கிரியேட்டிவ் முற்றிலும் மறையவில்லை. 2007-இல் நாஸ்டாக் சந்தையிலிருந்து தானே விலகி, ஒலியட்டை, ஒலிபெருக்கி, ஹெட்போன் ஆகியவற்றோடு அடக்கமான அளவில் தொழிலைத் தொடர்ந்தது. 2006 உடன்பாட்டின் ஒரு கூறாக, ஐபாட்டுக்குரிய துணைப்பொருள்களைச் செய்யும் திட்டத்திலும் அது சேர்ந்தது. சிம் வோங் ஹூ 2023 ஜனவரியில் தம் 67-ஆம் வயதில் காலமானார். பழுதுபார்க்கும் கடையிலிருந்து உலகச் சந்தைக்குச் சென்ற அவருடைய வாழ்வு, நம் வட்டாரத்து இளைஞர்க்கு என்றும் ஓர் ஊக்கமாகும்.

நாம் கொள்ள வேண்டியவை

இவ்வரலாற்றிலிருந்து சிறியவன் தோற்பது விதி என்று கொள்வது பிழை. கேசட் காலத்தில் சிறியோர் வாழ்ந்தனர். ஏனெனில், களம் பொதுவாக இருந்தது. களம் ஒருவருடைய வேலிக்குள் சென்றபோதுதான் திறமை பயனற்றுப் போயிற்று. ஆகவே, தரமான பொருளைச் செய்தல் பாதிக் கடமை. பொதுக்களத்தைக் காத்தல் மறுபாதி.

இவ்விரண்டையும் செய்து காட்டிய தமிழர் நம் நாட்டிலேயே உளர். முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். அவர் வடித்த 'இணைமதி' எழுத்துரு ஆப்பிள் கணினிகளிலேயே இடம்பெற்றது. பெருநிறுவனத்தை எதிர்த்துப் புதுப்பெட்டி செய்ய அவர் முனையவில்லை. எல்லாப் பெட்டிக்குள்ளும் தமிழ் புகுவதற்குரிய வாயிலை அமைத்தார். யுனிகோடு என்னும் பொதுக்குறியீட்டில் தமிழ் இடம்பெற்றமையால், எந்த நிறுவனம் வென்றாலும் எது வீழ்ந்தாலும் தமிழெழுத்து அழியாமல் தொடரும் நிலை உண்டாயிற்று. பேரியாழின் நரம்பிலும் சீறியாழின் பண்ணை மீட்டலாம் என்பதற்கு இது சான்றன்றோ?

ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளைக் கொண்ட நம் நாட்டில் ஆசிரியர் கைகளில் பெருஞ்செல்வம் ஒன்று உண்டு. தோட்டப்புறத்து முதியோரின் தாலாட்டு, ஒப்பாரி, கதைகள், பள்ளி விழாப் பாடல்கள், மாணாக்கர் பேச்சுகள் எனப் பலவும் கேசட்டிலும் எம்பி3 பெட்டியிலும் பதிவாகி அலமாரிகளில் உறங்குகின்றன. அவற்றைப் பதிந்த பெட்டிகள் இனிக் கடையில் கிடைப்பது அரிது. நாடா நாளுக்கு நாள் நலிகிறது, மின்கலம் வீங்குகிறது, வன்தட்டு ஒருநாள் சுழல மறுக்கிறது. அவற்றை எந்த நிறுவனத்தின் பூட்டுமில்லாத பொதுவடிவத்திற்கு மாற்றி, யார் குரல், எவ்வூர், எவ்வாண்டு என்னும் குறிப்பைத் தமிழெழுத்திலேயே எழுதி, ஈரிடங்களில் வைத்துக் காப்பது உடனடிக் கடமையாகும். உயர்நிலை மாணாக்கர் ஓரிரு விடுமுறை நாளில் இப்பணியைச் செய்து முடிப்பர்.

பாணர் மறைந்தனர், அவர்தம் யாழும் மறைந்தது. ஆனால், அவர்களைப் பாடிய ஏடுகளை யாரோ சிலர் தலைமுறைதோறும் படியெடுத்து வைத்தமையால் இன்று நாம் சிறுபாணனையும் அறிகிறோம், பெரும்பாணனையும் அறிகிறோம். அவர்கள் கருவியைக் காக்கவில்லை, பாட்டைக் காத்தார்கள். அப்படியெடுக்கும் பணி இன்று நம் கைக்கு வந்துள்ளது.